செத்த கணினியை ரிப்பேருக்குக் கொடுத்து நான் ஏமாந்த கதை

நீளமான பதிவு. வீட்டில் உயிரில்லாத பழைய கணினி ஒன்று கிடந்து, அதைச் சரிசெய்வதா தூக்கிப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் படித்தால் போதும்.

என்னுடையது 2014-இல் வாங்கிய மேசைக் கணினி. பதினொரு வருஷம் உழைத்தது. ஒரு நாள் காலையில் பவர் பட்டனை அழுத்தினேன், ஒன்றுமே நடக்கவில்லை. ஃபேன் சுற்றவில்லை, பீப் சத்தம் இல்லை. பக்கவாட்டு இடுக்கு வழியாகப் பார்த்தால் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) குட்டிப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

தெரிந்தவர் ஒருவர் சொன்ன ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மூடியைக் கழற்றினார், ஊதினார், டார்ச் அடித்தார். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். "போர்டு போயிடுச்சு சார். இதோ பாருங்க, கெபாசிட்டர் வீங்கியிருக்கு" என்று ஒரு இடத்தைக் காட்டினார். நானும் வீங்கியிருப்பதைப் பார்த்தவன் போலத் தலையாட்டினேன். புதுக் கணினி விலையில் கிட்டத்தட்ட பாதியைச் சொன்னார். பாதி விலையில் வேலை முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

ரெண்டு நாள் என்றார், பன்னிரண்டு நாள் ஆனது. பெட்டி வந்தது, ஓடியது. கொஞ்சம் மந்தமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் மாதிரி, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறாவது வாரம் மறுபடியும் அதே கதை. அதே பச்சை விளக்கு, அதே மௌனம்.

திரும்பவும் போனேன். இந்த முறை அவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "வயசான பெட்டி சார், இனிமே செலவு பண்ணாதீங்க. இங்கேயே விட்டுட்டுப் போங்க, எடைக்குப் போட்டு ஏதாவது தரேன். டேட்டா எல்லாம் நானே அழிச்சிடறேன்." குரலில் அவ்வளவு அக்கறை. விட்டுவிட்டு வரத்தான் இருந்தேன். ஆனால் வீட்டில் கேட்காமல் எதையும் கொடுத்துப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வந்திருந்தான். இந்த விஷயங்களில் கொஞ்சம் கை உள்ளவன். மூடியைக் கழற்றியதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, ரேம் எத்தனை போட்டிருந்தீங்க?"

ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், குச்சி மாதிரி இருக்கும். என்னுடையது எட்டு ஜிபி, நான்கு நான்காக இரண்டு குச்சி. போர்டில் ரேம் ஸ்லாட் மொத்தம் நான்கு. இப்போது குச்சி ஒன்றுதான் இருந்தது, மூன்று ஸ்லாட் காலி. அதில் இரண்டில் பதினொரு வருஷத் தூசி பஞ்சு மாதிரி அடைந்து கிடந்தது. மூன்றாவது மட்டும் துடைத்துவைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அதில் இருந்த குச்சி எப்போது போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மந்தத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து போர்டு. வாங்கியபோது வந்த மதர்போர்டு அட்டைப்பெட்டியை என் மனைவி பரணில் போட்டுவைத்திருந்தாள் (எதையும் எறியமாட்டாள், நானும் அதற்காகப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனி போடமாட்டேன்). பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணும் போர்டின் ஓரத்தில் இருந்த எண்ணும் ஒன்றே. அதாவது போர்டு மாறவே இல்லை. மாறியிருந்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்ட் கொடுக்கும் பெட்டி. அதுவும் புதிதில்லை. அதன் ஃபேன் இறக்கைகளில் எனக்குச் சம்பந்தமில்லாத வேறு யார் வீட்டுத் தூசியோ ஒட்டியிருந்தது.

வீங்கிய கெபாசிட்டர்? அவன் காட்டிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. கெபாசிட்டர்கள் சின்ன உருளை டப்பாக்கள். கெட்டுப்போனால் தட்டையான தலை கவிழ்த்த கிண்ணம் போல மேலே எழும்பும், சிலது பழுப்பாகக் கசிந்தும் இருக்கும். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது பெரிய தொல்லையாகவே இருந்ததாம். என் போர்டில் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தேன். அத்தனையும் தட்டை.

அந்தப் பச்சை விளக்கின் அர்த்தமும் அன்றுதான் தெரிந்தது. கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், விளக்கு எரிவது அதில்தான். அது மட்டும் வந்து, மற்றவை வராமலும் போகலாம். தங்கை மகன் பிளக்கைப் பிடுங்கினான், போர்டிலிருந்து பெரிய 24 முனை கனெக்டரைக் கழற்றினான், அதன் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுப் பிளக்கைத் திரும்பச் சொருகினான். எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. தன் வீட்டிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து மாட்டினான், கணினி எழுந்துகொண்டது. முதல் முறை செத்ததும் பழைய எஸ்எம்பிஎஸ் போனதால்தான் இருந்திருக்கும். (எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்-களும் உண்டு, நிறம் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும்.)

பில்லோடு போய்க் கேட்டேன். "போர்டு மாத்தினேன்னு பில்லில் எங்க சார் இருக்கு?" என்றார். எடுத்துப் பார்த்தேன். "போர்டு வேலை" என்று ஒரே வரி. ரேம்? "அப்படித்தான் வந்தது." கொடுக்கும்போது உள்ளே என்னென்ன இருந்தது என்று நான் ஒரு போட்டோ எடுத்திருந்தாலோ, எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலோ பேசியிருக்கலாம். என்னிடம் எதுவும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பணம் போனதைவிட என்னை உலுக்கியது வேறு. தங்கை மகன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி அடாப்டரில் மாட்டித் தன் மடிக்கணினியில் திறந்தான். கணினி செத்தாலும் டிஸ்க் சாவதில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பாஸ்போர்ட் நகல், சம்பளச் சீட்டு, 'பாஸ்வேர்டு' என்றே பெயர் வைத்த ஒரு கோப்பு. எந்தப் பூட்டும் இல்லாமல் எல்லாம் திறந்து கிடந்தது. இதை எடைக்குப் போடத்தான் கிளம்பினேன்.

அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 டிஸ்க்குகளில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் அவற்றில் கிடைத்தன. பழைய கதைதான். ஆனால் 'குவிக் ஃபார்மேட்' செய்துவிட்டு அழிந்துவிட்டது என்று நம்பும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள், நேற்றுவரை நானும் ஒருவன். அது பொருளடக்கத்தைக் கிழிப்பது மட்டும்தான், பக்கங்கள் அப்படியே இருக்கும். சுற்றும் டிஸ்க்காக இருந்தால், விண்டோஸில் 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழுதாக ஃபார்மேட் செய்யுங்கள். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ்கள் அப்போது டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும், மணிக்கணக்கில் ஆகும். எஸ்எஸ்டி (சுற்றும் பாகமே இல்லாத, சில்லுகளால் ஆன டிஸ்க்) என்றால் அதைத் தயாரித்தவர்கள் தரும் அழிக்கும் மென்பொருள்தான் சரி.

ஆகவே ரிப்பேரோ குப்பையோ, எதற்குக் கொடுப்பதானாலும் முதலில் டிஸ்க் வெளியே வரட்டும். மேசைக் கணினியில் இரண்டு கேபிள், நாலு திருகு, அவ்வளவே வேலை. யுஎஸ்பி அடாப்டர் வாங்கும்போது மட்டும் தனிக் கரண்ட் பிளக் உள்ளதாகப் பாருங்கள், பெரிய 3.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி கரண்டில் மட்டும் ஓடாது. டிஸ்க் இல்லாமல் பழுது பார்க்க முடியாது என்பார்கள். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றி பயாஸ் திரை (விண்டோஸுக்கு முன்னால் போர்டே காட்டும் முதல் திரை) வருகிறதா என்று பார்க்க டிஸ்க் எதற்கு?

கடைசியில் நான் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடத்தான் முடிவு செய்தேன், சிரிக்காதீர்கள். புது எஸ்எம்பிஎஸ் வாங்கலாம், ரேமும் வாங்கலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்கும் இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2014 பெட்டிக்கு எங்கே போவது? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும் என்றான் தங்கை மகன். அது சரிதான், பழகத் தயாராக இருப்பவர்கள் கட்டாயம் செய்யுங்கள். எனக்குப் பொறுமை இல்லை.

மின்கழிவு எடுப்பவர்களிடம் டிஸ்க் இல்லாத பெட்டியைக் கொடுத்தேன். மிச்சமிருந்த ஒற்றை ரேமைத் தங்கை மகன் கேட்டான், எடுத்துக்கொள் என்றேன்.

போன வாரம் ரிப்பேர்காரரே போன் செய்தார். அந்தப் பழைய பெட்டியை என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். கொடுத்துவிட்டேன் என்றேன். "ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தாலும் பரவாயில்ல சார், நான் எடுத்துக்கறேன்" என்றார். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.