நம்ம கரைக்கு எந்த ஃபோர் வீல் டிரைவ்? ஜிம்னியா, தார் ராக்ஸா?

மணாலி பக்கம் குளிர்காலத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் (4x4, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) என்றால் பனிக்காக. நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்காக, கண்மாய்க்கரைக் களிமண்ணுக்காக, ராமேசுவரம் பக்கம் மணலுக்காக. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அதற்கப்புறம் இந்த ஆசை பலருக்கு வந்திருக்கிறது. என்னிடம் மாருதி ஜிம்னி இருக்கிறது, மச்சானிடம் மஹிந்திரா தார் ராக்ஸ் டீசல், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம்.

மணல் என்றால் ஜிம்னிதான், யோசிக்கவே வேண்டாம். எடை சுமார் 1,200 கிலோ என்பதால் எளிதில் புதையாது. 15 அங்குல ரிம், டயரின் பக்கச்சுவர் உயரம், அதனால் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண கியர்) போட்டு, ரொம்ப இளகிய இடத்தில் 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் லோ ரேஞ்ச்) போட்டு, ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதித்தால் அருமையாக ஏறி வருகிறது. ஆனால் காற்று இறக்கிய டயரோடு சீமைக் கருவேலம் இருக்கும் பக்கம் போகாதீர்கள், பக்கச்சுவரில் முள் ஏறினால் பஞ்சர் ஒட்டி ஓட்டக் கூடாது, டயரையே மாற்ற வேண்டியதுதான். காய்ந்த தார் ரோட்டுக்கு வந்ததும் 2எச்-க்கு (பின் சக்கரம் மட்டும் இழுப்பது) மாற்றிவிடுங்கள். 4எச்-லேயே வளைத்துத் திருப்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உள்ளே தேய்ந்துபோகும்.

குடும்பம் என்று வரும்போதுதான் ஜிம்னி இடிக்கிறது. 4 பேர்தான். டிக்கி 208 லிட்டர், அப்பத்தாவோடு ஏர்வாடிக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வர மூட்டை கட்டினாலே நிறைந்துவிடும். 5 பேர் என்றால் ராக்ஸ். அதில் 4x4 டீசலில் மட்டும்தான், பெட்ரோல் வாங்கினால் பின் சக்கரம் மட்டுமே இழுக்கும், புக்கிங் போடும் முன் இதைக் கவனியுங்கள். 650 மி.மீ. தண்ணீர் வரை இறங்கும் என்கிறது கம்பெனி. இருந்தாலும் ஓடுகிற தண்ணீரில், அடியில் ரோடு இருக்கிறதா என்று தெரியாத இடத்தில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். வீட்டில் 7 பேரா, ஸ்கார்பியோ-என் பாருங்கள், அதிலும் 4x4 டீசலில்தான். டொயோட்டா ஹைரைடர் ஏடபிள்யூடி (தேவைப்படும்போது தானாகவே நாலு சக்கரமும் இழுக்கும் வகை) மழை ரோட்டுக்குப் போதும், லோ ரேஞ்ச் கிடையாது, மணலுக்கு வேண்டாம்.

இன்னொன்று. நாலு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்பத்தான், நிற்பதற்கு இல்லை. ஈசிஆரில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும்போது மொட்டை டயரோடு பிரேக் அடித்தால் 4x4-உம் சறுக்கும். டயருக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

உண்மையில் இங்கே வண்டியைத் தின்பது மழை இல்லை, உப்பு. டெலிவரி எடுத்த கையோடு அடிப்பக்கம் முழுக்க கோட்டிங் அடித்துவிடுங்கள். தனுஷ்கோடி போய்வந்தால் அன்றைக்கே அடியில் பீய்ச்சிக் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். நம் ஊரில் பல வாட்டர் வாஷ் கடைகளில் உவர்ப்பான போர் தண்ணீர்தான், அதில் கழுவுவது உப்பை மறுபடி பூசுகிற வேலை. எந்தத் தண்ணீர் என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள், கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் மணல் அடைத்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள், துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.