ஈவ் ஆன்லைனில் பல வருட மைனிங்: எந்தக் கப்பல், என்ன கருவி

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் நான் சண்டைக்காரன் இல்லை, கல் தோண்டுகிறவன். 2019 கடைசியில் கணக்கு தொடங்கினேன். அன்று முதல் பெரும்பாலான மாலைகளில் ஏதாவது ஒரு பெல்ட்டில் (விண்கற்கள் கூட்டமாக மிதக்கும் இடம்) லேசரைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எந்தக் கப்பல் அதிகமாகத் தோண்டும்?" என்றுதான். நானும் அதே கேள்வியோடுதான் தொடங்கினேன். இப்போது அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: "தோண்டும்போது திரையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்?" கப்பலும் கருவியும் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அமைய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் சில கப்பல்களும் ஆயின.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்டது. உலகம் முழுவதும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே சர்வரில் விளையாடுகிறார்கள். அங்கே பறக்கும் கப்பல்களில் பெரும்பாலானவை வீரர்களே கட்டியவை. அந்தக் கப்பலுக்கு வேண்டிய ட்ரைட்டேனியம், பைரைட் போன்ற கனிமங்கள் எல்லாம் யாரோ ஒருவர் கல்லிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை உயர் பாதுகாப்பு. அங்கே காரணமில்லாமல் யாரையாவது சுட்டால் கான்கார்ட் என்கிற காவல்படை வந்து சுட்டவரின் கப்பலை அழிக்கும். ஆனால் அது சுட்ட பிறகுதான் வரும், சுடுவதைத் தடுக்காது. மைனிங் கப்பல் தேர்வில் பாதி விஷயம் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது.

எல்லோரும் தொடங்குவது வென்ச்சரில். 2012 டிசம்பரில் வந்த இந்தச் சின்னக் கப்பலை இன்றும் நான் விற்கவில்லை. 5,000 கன மீட்டர் தாதுக் கிடங்கு, இரண்டு மைனிங் லேசர், இரண்டு சின்ன ட்ரோன். வெல்ட்ஸ்பர் என்ற சாதாரணத் தாது ஒரு யூனிட் 0.1 கன மீட்டர் என்பதால் கிடங்கு நிறைய 50,000 யூனிட் பிடிக்கும். தொடக்கத் திறன்களோடு எனக்கு நிரம்ப 20 முதல் 25 நிமிடம் ஆனது. அதன் சிறப்பு தோண்டும் வேகத்தில் இல்லை, தப்பிக்கும் திறனில் இருக்கிறது. ஓரிடத்திலிருந்து தொலைவுக்குப் பாய்ந்து போவதை வார்ப் என்பார்கள்; வென்ச்சருக்குப் பிறவியிலேயே வார்ப் பலம் 2 கூடுதலாக உண்டு. ஒருவர் ஒரே ஒரு சாதாரண ஸ்க்ராம்பளரை (வார்ப்பைத் தடுக்கும் கருவி) போட்டு இதைப் பிடித்து நிறுத்த முடியாது. குறைந்த பாதுகாப்பு மண்டலத்தில் ஒருவன் என்னைப் பிடித்த பிறகும் நான் வார்ப் ஆகி வெளியேறியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. காவலே இல்லாத எல்லைப் பகுதிகளில் போடும் பபிளுக்குள் (வார்ப்பைத் தடுக்கும் வளையம்) மட்டும் இந்தப் பலம் உதவாது.

வென்ச்சரால் வாயுவும் எடுக்கலாம். வார்ம்ஹோல் என்கிற துளை வழியே போகும் மண்டலங்களில், ஃபுல்லரைட் வாயு மேகங்களில் ஒரு புதியவர் சம்பாதிப்பதை உயர் பாதுகாப்பு பெல்ட்டில் சம்பாதிக்க முடியாது. ஆனால் அங்கே மண்டலத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை லோக்கல் பட்டியல் காட்டாது. சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் டி-ஸ்கேனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் 14.3 வானியல் அலகு தூரம் மட்டுமே காட்டும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்லீப்பர்கள் என்கிற, விளையாட்டே இயக்கும் எதிரிக் கப்பல்களும் வந்துவிடும். கண் எடுக்காமல் பார்க்கிறவருக்கு மட்டும் உள்ள வேலை அது.

அடுத்த கட்டம் பார்ஜ், அதாவது தோண்டுவதற்கென்றே உள்ள பெரிய கப்பல். இண்டஸ்ட்ரி திறனை 5 வரை ஏற்ற வேண்டும், ஆஸ்ட்ரோஜியாலஜி 3 வேண்டும், அதற்கு மாதச் சந்தா கணக்கும் தேவை. பார்ஜ் மூன்று வகை, மூன்றுக்கும் குணம் வேறு. கவெட்டர் வேகமாகத் தோண்டும், ஆனால் கிடங்கு சின்னது, உடம்பு மெலிசு. ரெட்ரீவர் கிடங்குக்காகச் செய்தது, 27,500 கன மீட்டர். ப்ரொக்யூரர் அடி தாங்குவதற்கு. புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரெட்ரீவரை வாங்குகிறார்கள். நானும் அதைத்தான் வாங்கினேன். அரை மணிக்கு ஒருமுறை நிலையத்துக்குப் போனால் போதும் என்பது வேலை முடித்து வந்து அமர்கிறவருக்குப் பெரிய சௌகரியமாகத் தெரிகிறது.

அந்தச் சௌகரியத்தின் விலையைச் சொல்கிறேன். 0.5 மண்டலம் ஒன்றில் ஸ்கார்டைட் தாது எடுத்துக்கொண்டிருந்தேன். கருவி மாட்டும் ஸ்லாட்டுகள் மேல், நடு, கீழ் என்று இருக்கும்; கீழ் ஸ்லாட் மூன்றிலும் தாது கூடுதலாகத் தரும் மைனிங் அப்கிரேடு. கேடயத்துக்கு ஒன்றும் போடவில்லை, ஏனென்றால் யாரும் என்னை அதுவரை தொட்டதில்லை. கிடங்கு முக்கால் வாசி நிரம்பியிருந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வர எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தபோது பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஓவர்வியூ பட்டியலில் இரண்டு கேடலிஸ்ட் (சின்னச் சண்டைக் கப்பல்), எட்டு கிலோமீட்டர் தள்ளி, இரண்டும் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தன. கேடயப் பட்டை ஏற்கெனவே காலி, ஆர்மர் வட்டம் என் கண் முன்னால் சுருங்கியது. நிலையத்தைத் தேர்ந்து வார்ப் அழுத்தினேன். பார்ஜ் திரும்ப நேரம் எடுக்கும், அதன் முழு வேகத்தில் 75 சதவீதத்தை எட்டினால்தான் வார்ப் பிடிக்கும், அதோடு ஸ்க்ராம்பிளும் என் மேல் இருந்தது. 0.5 மண்டலத்தில் கான்கார்ட் வர 19 விநாடி. கான்கார்ட் வந்தது, அந்த இரண்டு கப்பலையும் அழித்தது. அதற்குள் என் கப்பல் உடைந்து, நான் பாட் என்கிற தப்பிக்கும் உறையில் இருந்தேன். ஒரு பார்ஜின் விலைக்கு முன்னால் மலிவான இரண்டு டிஸ்ட்ராயர்கள் அவர்களுக்குச் செலவே இல்லை.

அன்று இரவு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று அப்கிரேடு போட்டுக் கிடைத்த கூடுதல் தாது, கப்பல் வாங்கிய நாளிலிருந்து சேர்த்தாலும், போன கப்பலின் விலையில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. காப்பீடு போட்டிருந்தால் கொஞ்சம் திரும்பியிருக்கும், அதையும் போடவில்லை. (சாதாரணக் கப்பல்களுக்குப் பிளாட்டினம் காப்பீடு கட்டாயம் போடுங்கள், நல்ல பகுதி திரும்ப வரும். எக்ஸ்யூமர் என்கிற விலையுயர்ந்த வகைக்குப் போட்டுப் பெரிய பயன் இல்லை.)

அப்புறம்தான் ப்ரொக்யூரர். தோண்டும் வேகம் கவெட்டரைவிடக் குறைவு, கிடங்கு ரெட்ரீவரைவிடச் சின்னது. ஆனால் நடு ஸ்லாட்டுகளில் கேடயத்தைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்டரும் உறுதியாக்கும் ஹார்டனரும் போட்டு, கீழே அடியைக் குறைக்கும் டேமேஜ் கண்ட்ரோல் ஒன்றும் வைத்து, ரிக்குகளிலும் (கப்பலோடு நிரந்தரமாகப் பொருத்துபவை) கேடயத்தையே கவனித்தால், இதை 19 விநாடிக்குள் உடைக்க அவர்கள் ஒரு கூட்டமே சேர்த்து வர வேண்டும். அத்தனை கப்பலை இழந்து ஒரு ப்ரொக்யூரரை உடைப்பதில் அவர்களுக்கு லாபம் இல்லை. அதே பெல்ட்டில் அப்கிரேடு மட்டும் போட்ட ரெட்ரீவர் ஒன்று பக்கத்தில் நிற்கும்போது நம்மிடம் வரமாட்டார்கள். கீழ் ஸ்லாட்டில் டேமேஜ் கண்ட்ரோலா, இன்னொரு அப்கிரேடா என்று யோசிக்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் முதலாவதுதான். மைனிங் லேசர் அப்கிரேடு இரண்டாம் தரத்தில் 9 சதவீதம் கூடுதல் தரும். அது லேசரின் சிபியு தேவையையும் ஏற்றும்; கப்பலின் சிபியுவுக்கு ஒரு வரம்பு உண்டு. ஃபிட்டிங் ஜன்னலில் சிபியு எண் சிவப்பாக மாறும்போது பலர் முதலில் கழற்றுவது கேடயப் பொருளைத்தான். கழற்ற வேண்டியது அப்கிரேடை.

லேசர் விஷயத்தில் 2021 டிசம்பரில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. மைனிங் லேசர்களுக்கு எச்சம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பார்ஜில் மாட்டும் பெரிய லேசரான ஸ்ட்ரிப் மைனரில் இரண்டாம் தரம் தோண்டும்போது, நமக்கு வரும் தாதுவோடு சேர்த்து, கல்லிலிருந்து இன்னும் கொஞ்சம் வீணாகவும் போகும். முதல் தர ஸ்ட்ரிப் மைனரில் அப்படி இல்லை. இதைப் படித்ததும் பலர் பயந்து முதல் தரத்துக்கே திரும்பினார்கள். நன்றாக யோசித்தால், வீணாவது நம் கிடங்கிலிருந்து இல்லை, கல்லிலிருந்து. எல்லோரும் தோண்டும் பொது பெல்ட்டில் கல் சீக்கிரம் தீர்ந்தால் அடுத்த கல்லுக்குப் போகிறோம், அவ்வளவுதான். அங்கே இரண்டாம் தரமும், அதற்குள் போடும் சரியான கிரிஸ்டலும் போடலாம். ஆனால் உங்கள் கார்ப்பரேஷன் (வீரர்கள் சேர்ந்த குழு) பல நாள் காத்திருந்து நிலாவிலிருந்து இழுத்த கல் என்றால், வீணாகும் ஒவ்வொரு கன மீட்டரும் நண்பர்களின் பங்கு. அங்கே நான் முதல் தரத்தைத்தான் மாட்டிக்கொண்டு போவேன்.

கிரிஸ்டலில் ஏ, பி, சி என்று மூன்று வகை. பி வேகமானது, வீணும் அதிகம். சி கல்லைத் தீர்ப்பதற்கே உள்ளது. எனக்கு ஏ போதும். கிரிஸ்டல்கள் கல் குழுவைப் பொறுத்தவை. வெல்ட்ஸ்பர், ஸ்கார்டைட், பைராக்சீரஸ், பிளாஜியோகிளேஸ் நான்குக்கும் ஒரே குழு. எளிய பெல்ட்டில் மட்டும் தோண்டுகிறவர் ஒரு ஜோடி வாங்கினால் போதும். கடையில் இருக்கும் எல்லாக் குழுவையும் வாங்கி அடுக்க வேண்டாம்.

எப்போது தோண்டுவது என்பதும் கருவி தேர்வுக்குச் சமமான விஷயம், நம்மவர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. சர்வர் தினமும் 11:00 யுடிசிக்கு நின்று திரும்ப எழும். இந்தியா, இலங்கை நேரப்படி மாலை 4:30. பெல்ட்டுகளில் கல் மறுபடி முளைப்பது அப்போதுதான். ஐந்து மணிக்கு உள்ளே வந்தால் மண்டலம் முழுக்கப் பெரிய கற்களாக நிற்கும், ஐரோப்பியர்களில் பெரும்பாலானோர் அப்போது வேலையில் இருப்பார்கள். நம் இரவு பதினொன்றுக்கு அதே பெல்ட்டில் பொடிக் கற்கள்தான் மிஞ்சும். சர்வர் லண்டனில் இருப்பதால் பிங் அதிகம் என்று கவலைப்பட வேண்டாம், இந்த விளையாட்டு ஒரு விநாடிக்கு ஒரு தடவைதான் கணக்கிடுகிறது. மைனிங்குக்கு நம் ஊர் இணையம் தாராளம். பனிக்கட்டி மட்டும் வேறு கணக்கு: ஒரு தளம் தீர்ந்து நான்கு மணி நேரம் கழித்து அடுத்தது வரும். முந்தைய தளம் தீர்ந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகத் தோண்டுவதிலிருந்து குழுவுக்கு மாறியதுதான் என் வருமானத்தை நிஜமாக ஏற்றியது. குழுவில் ஒருவர் போர்பாய்ஸ் அல்லது ஓர்கா என்ற துணைக் கப்பலைக் கொண்டுவந்து, குழுவுக்கு ஊக்கம் தரும் ஃபோர்மன் பர்ஸ்ட் போட்டால் பக்கத்தில் இருக்கும் எல்லாருடைய லேசர் சுற்று நேரமும் சுருங்கும், எட்டும் தூரமும் கூடும். என் கையில் இருந்த எந்த அப்கிரேடும் அந்த அளவு கொடுத்ததில்லை. பின்னால் வந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அதே கப்பல்களால் விண்வெளியிலேயே தாதுவை அமுக்கவும் முடிகிறது. சாதாரணத் தாது நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் பார்ஜின் கிடங்கு அளவுக்கு முன்பிருந்த முக்கியத்துவம் இல்லை. ரெட்ரீவரை வாங்க இருந்த ஒரே வலுவான காரணம் குழுவுக்குள் காணாமல் போய்விட்டது. முன்பு பெரிய சந்தை நிலையமான ஜிட்டா 4-4க்கு ஒரு வார தாதுவைக் கொண்டுபோகப் பெரிய சரக்குக் கப்பலில் பயந்து பயந்து போவேன். இப்போது அமுக்கியதைச் சின்ன வேகமான கப்பலில் எடுத்துப் போகிறேன்.

எக்ஸ்யூமர் பற்றிக் கேட்பார்கள். ஹல்க், மெக்கினா, ஸ்கிஃப் மூன்றும் முறையே கவெட்டர், ரெட்ரீவர், ப்ரொக்யூரரின் வளர்ந்த வடிவம். மைனிங் பார்ஜ் திறனை 5க்கு ஏற்ற மூன்று வாரம் போகும், விலையும் பல மடங்கு. தனியாகத் தோண்டுகிறவர் ஏறுவதாக இருந்தால் ஸ்கிஃப். மெக்கினாவை உயர் பாதுகாப்பில் கேடயம் இல்லாமல் நிறுத்தினால், நான் ரெட்ரீவரில் இழந்ததை நீங்கள் இன்னும் பெரிய தொகையில் இழப்பீர்கள்.

சந்தா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2022 மே மாதத்தில் மாதக் கட்டணம் 14.99 டாலரிலிருந்து 19.99 ஆனது. நம் வருமானத்துக்கு அது கனமான தொகை. மைனிங்கில் சம்பாதித்த இஸ்க்கில் (விளையாட்டின் பணம்) பிளெக்ஸ் என்கிற சந்தாவுக்கு மாற்றக்கூடிய பொருளை வாங்கிச் சந்தா ஓட்டலாம் என்று நினைத்து வராதீர்கள். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கட்டாயமாகத் தோண்ட வேண்டியிருக்கும், அப்புறம் அது வேலையாகிவிடும். நான் மூன்று மாதம் அப்படி ஓட்டினேன், பெல்ட்டைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. இப்போது நிலாக் கல் உடையும் மாதங்களில் மட்டும் சந்தா போடுகிறேன். மற்ற மாதங்களில் இலவசக் கணக்கில் வென்ச்சர்.

என் ஹேங்கரில் இன்று நிற்பவை நான்கு. தினசரிக்கு ப்ரொக்யூரர். வாயுவுக்கும் இலவச மாதங்களுக்கும் வென்ச்சர் இரண்டு. ஒன்று போனால் மற்றது தயாராக, ஒரே ஃபிட்டில். நிலா நாளுக்கு ஹல்க். நிலாவிலிருந்து கல்லை இழுக்கும் அதாநோர் நிலையத்தில் கல் உடைந்து இரண்டு நாள் இருக்கும், ஓர்கா நடுவில் நிற்கும், பத்துப் பதினைந்து பேர் குரல் அழைப்பில் பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் வாசலில் காவல் இருப்பார். அந்த இரண்டு நாளும் நான் எழுந்து போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஹல்க்கை அன்று மட்டும் வெளியே எடுக்கிறேன்.