ஒரு வேன், ஒரு நாள், 150 வருஷ ஒப்பந்தங்கள்: ஷார்ஜா – ராஸ் அல் கைமா வரலாற்றுச் சுற்றுலா எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த 190 திர்ஹாமுக்கு மோசமில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் நடுவில் கூட்டிக்கொண்டு போன வாசனைத் திரவியக் கடையையும் நினைத்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம், சின்ன ஆட்கள், இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறார்கள். எதைப் பார்க்கலாம், எதற்கு நேரம் வீண் என்று தெரிந்தால் நீங்களே காரை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதால் எழுதுகிறேன்.

பாலைவன சஃபாரி, ஒட்டகம், பெல்லி டான்ஸ் எதுவும் கிடையாது. இந்தக் கரையை வெள்ளைக்காரன் எப்படி வைத்திருந்தான் என்பதுதான் முழு நாள் விஷயம். ஏழு வருஷமாக ஷார்ஜாவில் இருக்கிறேன், இங்கே வெள்ளைக்காரன் ஆட்சி நடந்ததா இல்லையா என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. வேனில் ஒன்பது பேர். வழிகாட்டி கோழிக்கோட்டுக்காரர், தமிழும் பேசுவார், விஷயம் தெரிந்தவர். ஏழு மணிக்கு என்று சொல்லிவிட்டு வேன் வந்தது ஏழே முக்காலுக்கு.

முதல் இடம் ராஸ் அல் கைமாவைத் தாண்டி ரம்ஸ் பக்கம் இருக்கும் தாயா கோட்டை. குன்றின் மேல் சின்னதாக இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் மேலே போய் நின்றால் ஒரு பக்கம் பேரீச்சந்தோப்பு, அதைத் தாண்டிக் கடல், பின்னால் மலை. கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ராஸ் அல் கைமாவையும் ஷார்ஜாவையும் ஆண்ட காசிமி குலத்தாரின் கப்பல்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களைக் கொள்ளையடிக்கின்றன என்று சொல்லி 1819 கடைசியில் பம்பாயிலிருந்து ஒரு படை வந்தது. தளபதி வில்லியம் கெய்ர் கிராண்ட். வந்தவர்களில் நம் நாட்டுச் சிப்பாய்களும் உண்டு. டிசம்பரில் ராஸ் அல் கைமா விழுந்தது. அடுத்து ரம்ஸ் ஊர்க்காரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு இந்தக் குன்றில் ஏறிக்கொண்டார்கள். கீழிருந்து சுட்டதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை என்றதும் லிவர்பூல் என்ற போர்க்கப்பலிலிருந்து 24 பவுண்டு பீரங்கி இரண்டை இறக்கி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கீழே இறங்கி வந்தவர்கள் 398 ஆண்கள், பெண்களும் குழந்தைகளுமாக இன்னொரு 400 பேர். அந்த இடத்தில் வழிகாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எனக்கு அது பிடித்தது.

கொள்ளையா இல்லையா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. கம்பெனி எழுதி வைத்ததில் இந்தக் கரைக்குப் பெயரே கடற்கொள்ளையர் கரை. இன்றைய ஷார்ஜா ஆட்சியாளரே அதெல்லாம் வியாபாரப் போட்டியை மறைக்கக் கட்டிய கதை என்று புத்தகம் எழுதியிருக்கிறார். வழிகாட்டி இரண்டு பக்கத்தையும் சொன்னார், நியாயமாகவே சொன்னார்.

1820 ஜனவரி 8 அன்று பொதுக் கடல் ஒப்பந்தம். கரையில் இருந்த ஷேக்குகள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். அதை எழுதிய தாம்சன் என்ற அதிகாரிக்கு அரபி தெரியும், அடிமைகளைக் கடத்துவதும் கொள்ளைதான் என்று ஒரு பிரிவையும் உள்ளே சேர்த்துவிட்டார். ஒப்பந்தத்தில் சேர்ந்த கப்பல்கள் சிவப்பும் வெள்ளையுமான கொடி பறக்கவிட வேண்டும் என்று இன்னொரு பிரிவு. அடுத்த முறை ஷார்ஜாவில் சிவப்புச் சதுரமும் சுற்றி வெள்ளை ஓரமும் உள்ள அந்தக் கொடியைப் பார்த்தால் இது ஞாபகம் வரும். ராஸ் அல் கைமாவுக்கும் அதே கொடிதான். தினமும் ஆபீஸ் போகும் வழியில் பார்க்கிற கொடி, எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

அப்புறம் சாப்பாடு. ராஸ் அல் கைமாவில் ஏதோ ஒரு ஹோட்டல், ஆறின பிரியாணி, தயிர்கூட இல்லை. சாப்பிட்டு முடித்ததும் "பத்து நிமிஷம்தான்" என்று ஒரு அத்தர் கடைக்குள் தள்ளிவிட்டார்கள். ஐம்பது நிமிஷம் ஆனது. யாரும் எதுவும் வாங்கவில்லை. அந்த ஐம்பது நிமிஷத்தில் ராஸ் அல் கைமா அருங்காட்சியகத்தைப் பார்த்திருக்கலாம், திட்டத்திலும் அது இருந்தது, நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். கேட்டால் "டிராஃபிக் சார்" என்கிறார் டிரைவர்.

திரும்பி வருகிற வழியில் வேனுக்குள் நடந்த பேச்சுதான் அந்த நாளிலேயே எனக்கு அதிகம் பிடித்தது. இந்த இடத்தில் வழிகாட்டிக்கு முழு மார்க்.

நம் ஊரில் வெள்ளைக்காரன் ஆட்சி என்றால் கலெக்டர், தாசில்தார், கோர்ட்டு, வரி. இங்கே அப்படி எதுவும் கிடையாது. மேல் அதிகாரி, ரெசிடென்ட் என்று பெயர், அவர் உட்கார்ந்திருந்தது எதிர்க்கரையில் பாரசீகத்தின் புஷேர் துறைமுகத்தில். கம்பெனி அங்கே கடை போட்டது 1763-இல். இந்தப் பக்கத்துக்கு ஷார்ஜாவில் ஒரே ஒரு ஏஜென்ட், அவரும் வெள்ளைக்காரர் இல்லை, உள்ளூர் வியாபாரி. கடிதம் எழுதுவார், படகு ஏற்றி புஷேருக்கு அனுப்புவார், அங்கிருந்து பதில் வரும். யாராவது அடம்பிடித்தால் ஒரு போர்க்கப்பல் வந்து கடலில் நிற்கும், அபராதம் கட்டு என்பார்கள். கட்டாவிட்டால் கோட்டை மேல் குண்டு விழும், படகு எரியும். அவ்வளவுதான் நிர்வாகம். நூறு வருஷத்துக்கு மேல் இதை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். 1890 முதல் 1935 வரை அந்த ஏஜென்ட் வேலையைப் பார்த்தது அப்துல் லத்தீபும் அவர் மகன் ஈசாவும். அந்தக் குடும்பத்துக்கு அல் செர்கால் என்று பெயர் வந்ததே சர்க்கார் என்ற சொல்லிலிருந்துதான் என்றார் வழிகாட்டி. வேனில் இருந்த தமிழர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம், சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம் என்று.

உள்நாட்டில் ஷேக்குகள் என்ன செய்துகொண்டாலும் சர்க்காருக்குக் கவலையில்லை. கடலில் சண்டை கூடாது, அவ்வளவே. 1835-இல் முத்துக் குளிக்கும் பருவத்துக்கு மட்டும் சண்டை நிறுத்தம் என்று ஆரம்பித்தது, 1843-இல் பத்து வருஷத்துக்கு நீட்டினார்கள், 1853-இல் நிரந்தரம் ஆகிவிட்டது. இந்தக் கரைக்கு ட்ரூசியல் கரை என்ற பெயர் அந்தச் சண்டை நிறுத்தத்தால் வந்ததுதான், ஆங்கிலத்தில் அதற்கு ட்ரூஸ் என்று பெயர். 1892-இல் போட்டதுதான் உண்மையான பூட்டு: பிரிட்டனைத் தவிர வேறு யாருக்கும் நிலம் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, வேறு எந்த நாட்டோடும் பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டது லண்டன் இல்லை, 1873 வரை பம்பாய், அதன் பிறகு 1947 வரை இந்திய அரசாங்கம். சம்பளம், அபராதம், வாடகை எல்லாம் பெரும்பாலும் ரூபாயில்.

வழிகாட்டி தவறவிட்டது ஒன்று உண்டு. 1903 நவம்பரில் வைஸ்ராய் கர்சன் ஷார்ஜாவுக்கு எதிரே கடலில் ஆர்கோநாட் என்ற கப்பலை நிறுத்தி, ஷேக்குகளைக் கப்பலுக்கு வரவழைத்து தர்பார் நடத்தினார். ஷார்ஜா கடலோரத்தில் வேன் பத்து நிமிஷம் நின்றதே, அங்கே சொல்லியிருக்க வேண்டிய கதை. நான் எடுத்துச் சொன்னதும் "ஆமா சார், மறந்துட்டேன்" என்றார்.

ரூபாய் பேச்சு வந்ததும் முன் சீட்டில் இருந்த காயல்பட்டினத்துக்காரர், எழுபது வயது இருக்கும், பேச ஆரம்பித்துவிட்டார். அவருடைய வாப்பா அறுபதுகளில் துபாயில் கடையில் நின்றவராம். சம்பளம் ரூபாயில்தான், ஆனால் அது வேற ரூபாய் தம்பி என்றார். 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அடித்தது, பார்க்க நம் நோட்டுப் போலவே இருக்கும், நிறம் வேறு. இங்கிருந்து தங்கம் கடத்தி, அந்த ரூபாயை இந்தியாவிடமே கொடுத்து ஸ்டெர்லிங் பவுண்டு வாங்குவதைத் தடுக்க அந்த ஏற்பாடு. 1966 ஜூனில் இந்தியா ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் இங்கே ஒவ்வொரு ஊரும் அதைக் கைவிட்டது. "வாப்பா ஒரே ராத்திரியில பாதி ஏழையாயிட்டோம்னு சொல்வாங்க" என்றார் அவர். வழிகாட்டி படித்து வைத்திருந்ததைவிட இது நன்றாக இருந்தது.

கடைசியாக ஷார்ஜாவில் அல் மஹத்தா அருங்காட்சியகம். வேறு எதற்கும் நேரமில்லை என்றாலும் இதற்காக மட்டும் போகலாம். 1932-இல் கட்டிய விமான நிலையம் இது. இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் இந்தியாவுக்குப் போகிற விமானங்கள் அதுவரை பாரசீகக் கரை வழியாகப் பறந்துகொண்டிருந்தன, பாரசீகம் இனி முடியாது என்றதும் அரபுக் கரைக்குத் தாவ வேண்டிய கட்டாயம். ராஸ் அல் கைமா, துபாய் என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஷார்ஜாவுக்கு வந்தார்கள். முத்து வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம், ஷேக் சுல்தான் பின் சகருக்கும் வருமானம் தேவை. மாதம் 800 ரூபாய் வாடகை, ஷேக்குக்குத் தனியாக 500 ரூபாய். ஜூலையில் ஒப்பந்தம், அக்டோபரில் முதல் விமானம். பயணிகள் தங்கும் விடுதியையே கோட்டை மாதிரி கட்டியிருக்கிறார்கள், யாராவது வந்து தாக்கிவிடுவார்களோ என்ற பயம். உள்ளே பழைய விமானங்கள் நிற்கின்றன, வெளியே ஓடுகிற கிங் அப்துல் அஜீஸ் சாலைதான் அன்றைய ஓடுபாதை. தினமும் டிராஃபிக்கில் நான் முனகிக்கொண்டு நிற்கிற அதே சாலை!

இங்கே ஒரு துணைக்கதை. அவசரத்துக்கு இறங்க ஓமான் வளைகுடாப் பக்கம் கல்பாவில் ஒரு இடம் வேண்டியிருந்தது, அதற்காக 1936-இல் கல்பாவைத் தனி நாடாகவே அங்கீகரித்துவிட்டார்கள். வேலை முடிந்தது, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அது மறுபடி ஷார்ஜாவுக்குள் போய்விட்டது. ஃபுஜைராவோ வெகு காலம் தனி அங்கீகாரம் கேட்டுக்கொண்டே இருந்தது, எண்ணெய்க் குத்தகைக்கு ஷேக்கின் கையெழுத்து தேவைப்பட்ட 1952-இல்தான் கிடைத்தது. எந்த ஷேக்குக்கு எத்தனை பீரங்கிக் குண்டு முழக்கி மரியாதை, 3 குண்டா 5 குண்டா, என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

துபாய் கிரீக்கில் அப்ரா என்ற படகில் ஏறி மாலையில் முடிப்பதாகத் திட்டம், அதுவும் அவசர அவசரமாக. தண்ணீரிலிருந்து வழிகாட்டி பிரிட்டிஷ் தூதரகத்தைக் காட்டினார், ஐம்பதுகளில் அரசியல் ஏஜென்சி, அதாவது பிரிட்டிஷ் அரசாங்கப் பிரதிநிதியின் அலுவலகம், ஷார்ஜாவிலிருந்து இங்கே மாறி வந்த இடம். 1968 ஜனவரியில் காசில்லை, கிளம்புகிறோம் என்று லண்டன் சொன்னதும், படைச் செலவை நாங்களே தருகிறோம் இருங்கள் என்று ஷேக்குகள் கேட்டிருக்கிறார்கள். லண்டன் மறுத்துவிட்டது. 1971 டிசம்பர் 2-இல் அமீரகம் பிறந்தது. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். போவதாக இருந்தால் டிசம்பர், ஜனவரியில் போங்கள், கோட்டை ஏற நல்ல ஷூ, சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள், அத்தர் கடைக்கு வரமாட்டோம் என்று பணம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள். வேனில் வலது பக்கம் உட்காராதீர்கள், போகும்போதும் வெயில், திரும்பும்போதும் வெயில். காயல்பட்டினத்துக்காரர் ஏறியதுமே இடது பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.