விக்டரி கப்பல், போர்ட்ஸ்மத்: நெல்சனைப் பார்க்கக் கீழே இறங்குங்கள்

1805இல் டிரபால்கர் கடற்போரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை வென்ற பிரிட்டிஷ் தளபதி நெல்சன். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் நிற்கும் அவருடைய கப்பலான விக்டரியில், அவர் சுடப்பட்டு விழுந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். கூட்டமெல்லாம் அதைச் சுற்றித்தான் நிற்கும். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். இந்தக் கப்பலில் பார்க்க வேண்டியதெல்லாம் கீழ்த்தளங்களில்தான் இருக்கிறது.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுவோம். 1922 முதல் உலர்துறையில் நிற்கும் விக்டரியை இப்போது சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள். 2022இல் தொடங்கிய பழுதுபார்ப்பு பத்தாண்டு வேலை. நடுப் பாய்மரத்தின் அடிப்பகுதியை 2021இலேயே இறக்கிவிட்டார்கள். அதற்காக வருந்த வேண்டியதில்லை, அது டிரபால்கர் காலத்து மரமே அல்ல. 1890களில் ஷா என்ற வேறொரு போர்க்கப்பலிலிருந்து கொண்டுவந்து நட்ட இரும்புத் தூண். கப்பல் முழுவதிலுமே 1805இல் இருந்த மரம் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

சாரத்தையும் ஒரு காட்சியாகப் பார்க்கத் தெரிந்தால் காசு வீணில்லை. வெளிப்பலகை இடுக்குகளில் இறங்கும் மழைநீர் உள்விலாவில் தேங்குகிறது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை மிருதுவாக்கிய ஓக் மரத்தை வண்டு துளைக்கிறது. போன நூற்றாண்டில் தேக்கும் இரோக்கோ என்ற ஆப்பிரிக்க மரமும் போட்டு ஒட்டுப்போட்டார்கள். இப்போது மறுபடி ஓக் பலகைக்கே திரும்பியிருக்கிறார்கள். துறையின் அடித்தளத்துக்கும் இறங்கிப் பாருங்கள். சுற்றிலும் தாங்க நீர் இல்லாததால் கப்பல் தன் எடையிலேயே தொய்ந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க 134 எஃகு முட்டுகள் கொடுத்திருக்கிறார்கள்; ஒவ்வொன்றிலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதைக் கருவிகள் அளக்கின்றன.

கீழ்ப் பீரங்கித் தளத்தில் அவசரப்படாதீர்கள். 104 பீரங்கிகளில் 32 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும் கனமான ரகம் 30, அத்தனையும் இங்கேதான். (இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை மாதிரிகள்.) குழல் மட்டுமே ஏறத்தாழ இரண்டே முக்கால் டன். ஈரத் துடைப்பானை விட்டுக் குழலைத் துடைத்து, மருந்துப் பை, குண்டு, அடைப்பு என வரிசையாகத் தள்ளி இடித்து, கயிற்றால் இழுத்து வாய்க்குக் கொண்டுவந்து சுட வேண்டும். துடைப்பதில் அவசரம் காட்டினால் மிஞ்சிய பொறி பட்டு அடுத்த மருந்து கையிலிருக்கும்போதே வெடித்துவிடும். சுட்டதும் பின்னால் பாயும் வண்டியைத் தடுப்பது ஒரே ஒரு தடிக்கயிறுதான். இந்த வேலையை எதிரியைவிட வேகமாகச் செய்யும்படி மாலுமிகள் பழகியிருந்ததாலேயே நெல்சனின் திட்டம் பலித்தது. இரண்டு வரிசையாக எதிரி அணியைக் குறுக்கே வெட்டப் போனார். மந்தமான காற்றில் விக்டரி ஏறக்குறைய 40 நிமிடம் திருப்பிச் சுட முடியாமல் அடிவாங்கியது. சுக்கான் சக்கரம் சிதறிப்போக, கீழ்த்தளத்தில் 40 பேர் கயிறு பிடித்துச் சுக்கானைத் திருப்பினார்கள். அதன்பிறகுதான் பிரெஞ்சுத் தளபதியின் கொடிக்கப்பலான பூசாந்தோரின் பின்புறத்துக்குள் நேராகச் சுட வாய்த்தது.

இன்னும் கீழே, நீர்மட்டத்துக்கு அடியில் ஓர்லாப் தளம். ஒன்றேகால் மணிக்குக் குண்டுபட்ட நெல்சன் நாலரை மணிக்கு உயிர்விட்டது இங்கே. மங்கிய வெளிச்சமும் தலையில் இடிக்கும் உத்தரமுமாக, கப்பலிலேயே நன்றாக அமைந்த பகுதி.

குறை ஒன்று: நெல்சனின் மரணத்தை உருக்கமாகச் சொல்கிற அளவுக்கு அந்த மனிதரைப் பற்றி இங்கே சொல்வதில்லை. 1799இல் நேபிள்ஸில் கராச்சோலோ என்ற அந்நாட்டுக் கடற்படைத் தளபதியை அவசர விசாரணைக்குப் பின் தூக்கிலிட வைத்ததும் இவர்தான். அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஐந்தரை அடிக்கு மேல் உயரமானவர்கள் கீழ்த்தளங்களில் குனிந்தே நடக்க வேண்டும். ஏணிப்படிகள் செங்குத்தானவை, ஏணியைப் பார்த்தபடி இறங்குங்கள், தோள்பை வேண்டாம். மூட்டுவலி இருப்பவர்களுக்கு ஓர்லாப் கடினம். போர்ட்ஸ்மத் ஹார்பர் ரயில் நிலையத்திலிருந்து வாசல் சில நிமிட நடைதான். அதே வளாகத்தில் மேரி ரோஸ், வாரியர் என்ற பழைய போர்க்கப்பல்களும் இருப்பதால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் முதல் வேலையாக விக்டரி.

குண்டு துளைத்த நெல்சனின் மேலங்கியை இங்கே தேடாதீர்கள். அந்தக் கோட்டு கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில், உடலிலிருந்து எடுத்த குண்டு வின்ட்சர் கோட்டையில். ஓக் இப்படி உளுத்துப்போனதைப் பார்த்தபின் தேக்குக் கப்பல் எப்படி நிற்கிறது என்று ஒப்பிடத் தோன்றினால், ஹார்டில்பூலில் 'டிரின்கமலி' இருக்கிறது: திருகோணமலையின் பெயரில் பம்பாயில் கட்டி 1817இல் நீரில் இறக்கியது. அதுவும் 1987 வரை போர்ட்ஸ்மத்தில்தான் நின்றது, நெல்சனின் இன்னொரு கப்பலான ஃபூட்ராயன் என்ற பெயரில்.