குழந்தையின் இரவு உடை: போர்வை, சுற்றுத் துணி, தூக்கப் பை, பருத்தி உடுப்பு – எது ஏற்றது?

கைக்குழந்தையை இரவில் படுக்க வைக்கும்போது பெரும்பாலான பெற்றோருக்கு முதலில் தோன்றும் கவலை, பிள்ளைக்குக் குளிருமோ என்பதுதான். அந்தக் கவலையில் ஓர் உடுப்பின் மேல் இன்னோர் உடுப்பு, தலைக்குக் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கனத்த போர்வை என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்கு, மிதமான வெப்பமுள்ள அறையில், குளிரைவிட அதிகம் அஞ்ச வேண்டியவை இரண்டு: உடல் அளவுக்கு மீறிச் சூடாவது, தளர்ந்த துணி மூக்கையும் வாயையும் மூடிவிடுவது. அதனால் இரவு உடைகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, மாலையில் போட்ட இடத்திலேயே விடியும்வரை அந்தத் துணி இருக்குமா என்பதைத்தான். கதகதப்பு, விலை, அழகு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

எந்த உடையைத் தேர்ந்தெடுத்தாலும் மாறாத அடிப்படை ஒன்று உண்டு. குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும். படுக்கை உறுதியாகவும் சாய்வில்லாமல் சமமாகவும் இருக்க வேண்டும். அதன் மேல் தலையணை, மெத்தென்ற பொம்மை, தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பெரிய பிரச்சாரங்கள் தொடங்கின. அதன் பிறகு அந்நாடுகளில் திடீர்ச் சிசு மரணங்கள், அதாவது நலமாக இருந்த கைக்குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறந்துபோவது, பெருமளவு குறைந்தன. அந்த ஆபத்து இரண்டு முதல் நான்கு மாத வயதில் உச்சத்தில் இருக்கிறது. பெற்றோர் குழந்தையை எப்படிப் போர்த்துவது, எதைச் சுற்றுவது என்று தேடிக்கொண்டிருக்கும் மாதங்களும் அவையேதான்.

பிறந்த குழந்தையால் பெரியவரைப் போல உடல் நடுங்கிச் சூடு பிடிக்க முடியாது. பழுப்புக் கொழுப்பு என்னும் தனி வகைக் கொழுப்பை எரித்துத்தான் அது வெப்பத்தை உண்டாக்குகிறது. சூடு மிகுந்துவிட்டாலோ, போர்வையை உதறித் தள்ளவும் உடுப்பைக் கழற்றவும் அதற்குத் தெரியாது. உடல் முழுவதும் துணிக்குள் இருக்கும்போது மிகுதியான வெப்பம் வெளியேறுவதற்கு முகமும் தலையும்தான் முக்கிய வழி. வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா போட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பிறந்த முதல் சில மணி நேரமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் காலமும் மட்டுமே இதற்கு விலக்கு.

தளர்வான போர்வை

இந்த ஒப்பீட்டில் நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவது போர்வையைத்தான். குழந்தை காலை உதைக்கும் ஒவ்வொரு முறையும் போர்வை ஒன்று கீழே போகும், அல்லது முகத்தை நோக்கி ஏறும். கீழே போனால் குளிர், மேலே ஏறினால் ஆபத்து. குழந்தைகளின் பாதுகாப்பான தூக்கத்துக்காக இயங்கும் பிரிட்டனின் லல்லபி டிரஸ்ட் என்னும் தொண்டு அமைப்பு போர்வையை முற்றாகத் தடுக்கவில்லை. குழந்தையின் பாதங்கள் தொட்டிலின் கால்மாட்டுப் பலகையைத் தொடுமாறு படுக்க வைத்து, மெல்லிய போர்வையைத் தோளுக்கு மேல் ஏறாதபடி விட்டு, விளிம்புகளை மெத்தையின் அடியில் இறுகச் செருக வேண்டும் என்பது அதன் அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமோ குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான துணியே வேண்டாம் என்கிறது. இரண்டில் கண்டிப்பான அறிவுரையின் பக்கமே நான் நிற்கிறேன். மாலையில் நன்றாகத் தெளிந்த மனத்தோடு செருகிய போர்வையை, பின்னிரவில் பால் கொடுத்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் மறுபடி அதே கவனத்தோடு செருகுவோம் என்று எந்தப் பெற்றோராலும் உறுதி சொல்ல முடியாது.

சுற்றுத் துணி

சுற்றுத் துணிக்கு, ஸ்வாடில் என்று கடைகளில் சொல்லப்படுவதற்கு, உண்மையான பயன் ஒன்று உண்டு. முதல் சில மாதங்களில் குழந்தை தூக்கத்தின் நடுவே திடுக்கிட்டு இரு கைகளையும் விரித்து, பிறகு மார்போடு சேர்த்துக்கொள்ளும். மோரோ அனிச்சைச் செயல் எனப்படும் இது பல குழந்தைகளை அழுதபடி விழிக்கச் செய்துவிடுகிறது. கைகளை மார்போடு சேர்த்துத் துணியால் சுற்றினால் அந்த உலுக்கல் தணிகிறது; குழந்தையும் நீண்ட நேரம் தூங்குகிறது. ஓயாமல் அழும் மூன்று வாரக் குழந்தையோடு விழித்திருக்கும் ஒரு தாய்க்கு இது சிறிய உதவி அல்ல என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அது காலக்கெடு உள்ள உதவி. துணி சுற்றிய குழந்தை குப்புறப் புரண்டுவிட்டால், கைகள் கட்டுண்டிருப்பதால் தலையைத் தூக்கித் திருப்பவோ உடலை மீட்டுக்கொள்ளவோ அதனால் இயலாது. சுற்றுத் துணி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, சுற்றிய குழந்தையைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைக்கும்போது ஆபத்து கூடுகிறது என்று காட்டியது. ஆகவே புரள முயலும் அறிகுறி தெரிந்த அன்றே, அதாவது இடுப்பைத் திருப்புவது, கால்களைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்வது போன்றவை தெரிந்த அன்றே, சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் இது மூன்று, நான்கு மாதங்களில் நிகழும். சில குழந்தைகளுக்கு இரண்டாவது மாதத்திலேயே வந்துவிடும். முழுதாகப் புரண்ட பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று காத்திருப்பது தவறு, ஏனெனில் அந்த முதல் புரளல் எல்லோரும் உறங்கும் நேரத்திலேயே நடந்துவிடலாம்.

அடுத்து இடுப்பு மூட்டு. கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றும் முறை, இன்னும் முழுதாக உருப்பெறாத இடுப்பு மூட்டின் பந்தைக் கிண்ணத்திலிருந்து விலக்கக்கூடியது. ஜப்பானில் 1975 முதல், குழந்தைகளின் கால்களை நீட்டிக் கட்டும் வழக்கத்தைக் கைவிடும்படி நாடு முழுவதும் அறிவுறுத்தினார்கள். அதன் பிறகு அங்கே பிறந்த குழந்தைகளிடம் இடுப்பு மூட்டு விலகல் வெகுவாகக் குறைந்தது. எனவே மார்பைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, இடுப்புக்குக் கீழே தவளையின் கால்களைப் போல முழங்கால்கள் மடங்கி விரியும் அளவுக்குத் துணியைத் தளர்த்திவிட வேண்டும்.

சதுரத் துணியைக் கொண்டு சுற்றுவதற்கும், ஒட்டுப் பட்டையோ ஜிப்போ வைத்துத் தைத்த சுற்று உடைக்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தைத்த உடையையே நான் பரிந்துரைப்பேன். சதுரத் துணியில் எவ்வளவு தேர்ந்த கை சுற்றினாலும், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதலில் தளர்ந்திருப்பது தோளருகே உள்ள மடிப்பாகத்தான் இருக்கும். குழந்தை கையை மேலே இழுக்க இழுக்க அந்த மடிப்பு தாடைக்கு வந்து, அங்கிருந்து கீழுதட்டைத் தொடுகிறது. பசியில் இருக்கும் குழந்தை அதையே சப்பத் தொடங்கும். உடலைவிட்டு விலகிய அந்த நொடியிலிருந்து சுற்றுத் துணியும் ஒரு தளர்ந்த போர்வைதான்.

தூக்கப் பை

கைகளை வெளியே விட்டு, உடலையும் கால்களையும் பைக்குள் வைத்து ஜிப் போடும் தூக்கப் பை, அதாவது ஸ்லீப்பிங் பேக், எனது கேள்விக்கு நேரடியான விடை தருகிறது. அது உடையாக அணிவிக்கப்படுவதால் உதைத்தாலும் கழலாது. கீழ்ப்பகுதி அகலமாக இருப்பதால் கால்கள் மடங்கி விரியலாம். கைகள் விடுபட்டிருப்பதால் புரளும் வயதிலும் குழந்தைக்குத் தன்னை மீட்டுக்கொள்ளும் வழி இருக்கிறது. மிகுதியான வெப்பமும் கைகளின் வழியே ஓரளவு வெளியேறுகிறது. சுற்றுத் துணியை நிறுத்தும் நாளில் குழந்தையைப் பழக்குவதற்கும் இதுவே வசதி. ஆனால் அளவு தவறினால் இந்த நன்மைகள் அனைத்தும் போய்விடும்.

குழந்தை எப்படியும் வளரும் என்று ஓர் அளவு பெரியதாக வாங்குவதைச் சட்டைக்குச் செய்யலாம். தூக்கப் பைக்குச் செய்யவே கூடாது. கழுத்து வட்டம் அகன்றிருந்தால் குழந்தை மெல்ல உள்ளே நழுவி, முகம் பைக்குள் போய்விடும். ஜிப்பையும் தோள் பட்டன்களையும் போட்டபின், முன்கழுத்துத் துணியைப் பிடித்து மேல்நோக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் இடம் இருக்கலாம்; துணி தாடையைக் கடந்து வாய்வரை ஏறினால் அந்தப் பை இப்போதைக்கு அந்தக் குழந்தைக்கு உரியதல்ல. கை ஓட்டைகளும் அக்குளோடு ஒட்டி இருக்க வேண்டும். லேபிளில் வயது போட்டிருந்தாலும் எடையையும் உயரத்தையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். தொப்பி வைத்த பையை வாங்கவே வேண்டாம்.

பையின் கனத்தை டோக் என்னும் அளவால் குறிக்கிறார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி நிறுவனம் 1940-களில் உருவாக்கிய இந்த அலகு, ஒரு துணி வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டுகிறது. தயாரிப்பாளர்களின் அட்டவணைகளைப் பொதுவாகப் பார்த்தால், அறை 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் 0.5 டோக், 20 முதல் 24 வரை 1 டோக், 16 முதல் 20 வரை 2.5 டோக் என்று இருக்கும். இந்த எண் பைக்கு மட்டுமே உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே போடும் முழுக்கை உடுப்பும் காலுறையும் தம் பங்குக்கு வெப்பத்தைக் கூட்டும். 2.5 டோக் பைக்கு மேல் இன்னொரு போர்வை போர்த்தினால், பை வாங்கியதன் பயனே இல்லாமல் போகும்.

உள்ளே சிறு மணிகளை நிரப்பி, அணைத்தபடி இருப்பதுபோல் உணரச் செய்யும் எடையூட்டிய பைகளும் சுற்று உடைகளும் விற்பனைக்கு வந்துள்ளன. அவை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மார்பின் மேல் கூடுதல் எடையை வைத்துத் தூங்க வைப்பதை எந்த வசதிக்காகவும் என்னால் ஏற்க முடியாது.

வெறும் பருத்தி உடுப்பு

வெப்பமான அறையில் இந்தப் போட்டியில் வெல்வது பெரும்பாலும் எளிய பருத்தி உடுப்புதான். அதற்கு உரிய மதிப்பை நாம் கொடுப்பதில்லை. அறை 26, 27 டிகிரியில் இருந்தால், டயப்பரும் ஒரு மெல்லிய அரைக்கை உடுப்பும் போதும். அதன் மேல் எதையாவது போட்டால்தான் பராமரிப்பு என்ற எண்ணம் தேவையில்லை. அதே அறையில் ஒரு பெரியவர் வசதியாக அணிந்திருப்பதைவிட ஓர் அடுக்குக்கு மேல் கூடக் கூடாது என்ற பொது விதி, டோக் அட்டவணை கையில் இல்லாதவருக்கும் உதவும்.

துணி வகையில் பருத்திக்கும் மஸ்லினுக்கும் என் ஓட்டு. இரண்டும் காற்றை விடும், வியர்வையை உறிஞ்சும். மெல்லிய மெரினோ கம்பளியும் நல்லதே. ஃபிளீஸ் போன்ற செயற்கை இழை மென்மையாக இருந்தாலும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வியர்வையை உறிஞ்சாது. மூங்கில் துணி என்று விற்கப்படுவது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது தாவரக் கூழிலிருந்து எடுக்கும் இழை; வழவழப்பாகவும் குளுமையாகவும் இருக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. உடுப்பு உடலோடு ஒட்டியிருப்பது தீப்பிடிக்கும் அபாயத்துக்கும் தடை. அமெரிக்காவில் ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட அளவுகளில் விற்கும் குழந்தை இரவு உடுப்புகள் தீயைத் தாங்கும் துணியால் ஆனவையாகவோ, உடலோடு ஒட்டித் தைத்தவையாகவோ இருக்க வேண்டும் என்ற விதி அதற்காகவே இருக்கிறது.

பாதம் மூடிய முழு உடுப்பா, தனிக் காலுறையா என்றால் பாதம் மூடியதே மேல், கழன்று விழாது. எதைப் போடுவதற்கு முன்பும் உள்பக்கத்தைத் திருப்பி, நூலோ தலைமுடியோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கால்விரலைச் சுற்றிய ஒற்றை முடி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடியது. காரணம் தெரியாமல் வீறிட்டு அழும் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வதும் அதனால்தான். ரிப்பன், கழுத்துக் கயிறு, பால் துணி, குழந்தை சூப்பும் பாசிஃபயரில் கோத்த நாடா ஆகியவை படுக்கைக்கு வரவே கூடாது.

வயதையும் வெப்பத்தையும் வைத்து நான் சொல்வது இதுதான். முதல் எட்டு வாரங்களில் திடுக்கிட்டு அழும் குழந்தைக்கு, இடுப்பில் தளர்ந்த தைத்த சுற்று உடை. அமைதியாகத் தூங்கும் குழந்தைக்கு அதுவும் தேவையில்லை. புரள முயலும் நாளிலிருந்து ஓராண்டு வரை, அளவான தூக்கப் பை, உள்ளே மெல்லிய பருத்தி. கோடை இரவுகளில் பருத்தி உடுப்பு மட்டும். நிறைமாதத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு எத்தனை அடுக்கு என்பதை அதன் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

போட்டது சரியா என்பதைக் கையையோ காலையோ தொட்டுத் தீர்மானிக்காதீர்கள். நலமான குழந்தைக்கும் அவை சில்லென்றுதான் இருக்கும். விரல்களைப் பின்கழுத்தின் வழியாக உடுப்புக்குள் விட்டுப் பாருங்கள். தோல் வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும். பிடரி முடி ஈரமாக ஒட்டியிருந்தாலோ, மார்பு கொதித்தாலோ, கன்னம் சிவந்து மூச்சு வேகமாக இருந்தாலோ, உடனே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். தூங்கும் குழந்தை விழித்துவிடுமே என்று தயங்க வேண்டாம். கழற்றிய பிறகும் சூடு தணியாவிட்டால் வெப்பமானியை வையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காட்டினால், அது உடை மாற்றித் தீரும் விஷயமல்ல. அந்த இரவிலேயே மருத்துவரிடம் போக வேண்டும்.