ஆஸ்பிரின்: மெல்வதா, விழுங்குவதா?

மாரடைப்போ என்று சந்தேகம் வந்தால் முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். பிறகு ஆஸ்பிரின், அதுவும் மென்றுதான். மென்றால் மாத்திரை பொடியாகிச் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் திராம்பாக்சேன் என்ற பொருள் சில நிமிடங்களிலேயே குறையத் தொடங்கும். வழக்கமாகக் கொடுப்பது 300 மி.கி.; சில நாடுகளில் 162 முதல் 325 வரை.

முழுதாக விழுங்கினால் தாமதம்தான். குடலில் கரையும்படி உறை பூசிய மாத்திரை இன்னும் மோசம், மணிக்கணக்கில்கூட ஆகலாம். (வேறு கையில் இல்லையா? அதையே மென்றுவிடுங்கள்.) தினசரி சிகிச்சைக்கு விழுங்குவதே போதும்.

ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ உள்ளவர்களுக்கு இரண்டும் வேண்டாம். பக்கவாத அறிகுறி என்றாலும் அப்படியே: மூளையில் அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.