மையத்திலிருந்து விலகி நிற்கும் உயிர்: பிளெஸ்னரின் பெருநூல் குறித்து ஒரு மதிப்புரை

ஜெர்மன் மெய்யியலாளரும் சமூகவியலாளருமான ஹெல்முத் பிளெஸ்னர் 1928-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட பெருநூல், ஆங்கிலத்தில் 2019-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. மில்லே ஹயாட் மொழிபெயர்த்து, ஃபோர்டம் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அந்தப் பதிப்பின் பெயர் 'லெவல்ஸ் ஆஃப் ஆர்கானிக் லைஃப் அண்ட் த ஹ்யூமன்'. சமூகவியலைப் பாடமாகவோ சொந்த ஆர்வத்தாலோ படிக்கும் எவரும் வாங்கிப் படிக்க வேண்டிய நூல் இது என்று தயக்கமின்றிச் சொல்வேன். எளிதாகப் படித்துவிடலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சமூகவியலாளர்கள் பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மனும் 1966-இல் எழுதிய, யதார்த்தம் சமூகத்தால் எவ்வாறு கட்டமைக்கப்படுகிறது என்பதைப் பேசும் புகழ்பெற்ற நூலைப் படித்தவர்களுக்கு ஓர் இடம் நினைவிருக்கும். மனிதன் ஓர் உடலாக இருக்கிறான், அதே நேரத்தில் ஓர் உடலை உடையவனாகவும் இருக்கிறான் என்று அவர்கள் அங்கே சொல்கிறார்கள். சில வரிகளில் கடந்து செல்லும் அந்தக் கருத்துக்கு அவர்கள் கடன்பட்டிருப்பது பிளெஸ்னரிடம். அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் எவ்வளவு பொறுமையான சிந்தனை இருக்கிறது என்பது இந்த நூலைப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

நூல் வெளிவந்த காலம் அதற்குச் சாதகமாக இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஹைடெக்கரின் 'இருத்தலும் காலமும்' வெளிவந்து ஜெர்மன் மெய்யியல் உலகின் கவனம் முழுவதையும் ஈர்த்திருந்தது. அதே 1927-இல் மெய்யியலாளர் மாக்ஸ் ஷெலர் டார்ம்ஸ்டாட் நகரில், பேரண்டத்தில் மனிதனின் இடம் குறித்து ஓர் உரை நிகழ்த்தினார். அது 1928-இல் சிறுநூலாக வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அவர் காலமானார். ஷெலர் அப்போது கொலோன் பல்கலைக்கழகத்தின் பெரும் பேராசிரியர். பிளெஸ்னர் அதே பல்கலைக்கழகத்தில் நிலையான பதவியில்லாத இளம் ஆசிரியர். ஷெலரின் கருத்துகளை எடுத்தாண்டுவிட்டார் என்ற சந்தேகம் பிளெஸ்னர் மீது விழுந்தது. உடன் பணியாற்றிய மெய்யியலாளர் நிக்கோலாய் ஹார்ட்மன் பிளெஸ்னரின் பக்கம் நின்றார். இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அந்தச் சந்தேகம் எவ்வளவு ஆதாரமற்றது என்பது விளங்கிவிடும். ஷெலர் உயிரின் படிகளை ஏறிச்சென்று, கடைசிப் படியில் உயிருக்கு அப்பாற்பட்ட 'ஆன்மா' என்ற கூறு ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து மனிதனை விளக்குகிறார். பிளெஸ்னருக்கு அப்படி எதையும் வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. கல்லையும் இலையையும் வேறுபடுத்தும் அதே கேள்வியை விடாமல் பின்தொடர்ந்து அவர் மனிதனை வந்தடைகிறார்.

அந்தக் கேள்வி எல்லையைப் பற்றியது. ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது ஓரிடத்தில் முடிகிறது, அங்கே காற்று தொடங்குகிறது. அந்த விளிம்பு கல்லுக்கும் உரியதன்று, காற்றுக்கும் உரியதன்று. இரண்டுக்கும் நடுவே வெறுமனே அமைந்துவிட்ட ஒன்று. கல்லை உடைத்தால் இரண்டு கற்கள் கிடைக்கும். புதிய விளிம்புகள் தோன்றும். அதனால் கல்லுக்கு எதுவும் நேர்ந்துவிடுவதில்லை. உயிருள்ள உடலின் எல்லையோ அந்த உடலுக்கே உரியது. இலையின் மேற்புறமும் விலங்கின் தோலும் எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதை நடத்துகின்றன; உடல் அந்த எல்லையின் வழியாகத் தன்னைத் தாண்டிச் செல்கிறது, அதே எல்லையின் வழியாகத் தன்னுள் திரும்புகிறது. உயிர் என்பது பௌதிகப் பொருளோடு சேர்க்கப்பட்ட ஒரு மறைசக்தி என்று உயிரியலாளரும் மெய்யியலாளருமான ஹான்ஸ் டிரீஷ் வாதிட்டார். முழுமையான வடிவ அமைப்புகள் உயிரற்ற இயற்கையிலேயே உண்டு என்று உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் மறுத்தார். பிளெஸ்னர் ஹைடல்பெர்க்கில் விலங்கியல் பயின்றவர். டிரீஷிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர். இருவருடைய வாதங்களையும் மூன்றாம் அத்தியாயத்தில் நியாயமாக எடுத்துவைத்துவிட்டு, தன் எல்லையைத் தானே கொண்டிருப்பதுதான் உயிர் என்று மூன்றாவதொரு வழியை அவர் முன்வைக்கிறார். நூலின் பிற்பகுதி முழுவதும் இந்த ஒரு கருத்திலிருந்து விரிகிறது.

தாவரம் திறந்த வடிவம் உடையது. அது தன் சூழலில் நேரடியாகப் பொருந்தி, மண்ணுக்கும் ஒளிக்கும் தன் பரப்பை விரித்து நிற்கிறது. விலங்கு மூடிய வடிவம் உடையது. புலனுறுப்புகளும் இயக்க உறுப்புகளும் பிரிந்து, அவற்றை இணைக்கும் மையம் ஒன்று உள்ளே உருவாகிறது. விலங்கு அந்த மையத்திலிருந்து செயல்படுகிறது, ஆனால் அந்த மையத்தையே ஒரு பொருளாகக் காண்பதில்லை. டெனரீஃப் தீவில் சிம்பன்சிகளைக் கொண்டு கோலர் நடத்திய சோதனைகளை பிளெஸ்னர் இங்கே நுட்பமாகப் பயன்படுத்துகிறார். கம்பிக்கு வெளியே இருக்கும் பழத்தைக் கோல் கொண்டு இழுக்கும் அளவுக்கு அறிவுள்ள குரங்கு, வழியில் ஒரு பெட்டி தடையாக நின்றால், அதை அப்புறப்படுத்துவதில் எதிர்பாராத அளவுக்குத் தடுமாறுகிறது. ஒரு பொருளை எடுத்துச் சேர்ப்பது எளிதாக இருக்கிறது. ஒன்றை நீக்குவது கடினமாக இருக்கிறது. இல்லாமை, வெற்றிடம், இங்கே ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் ஆகியவை விலங்குக்கு எட்டுவதில்லை என்று பிளெஸ்னர் இதிலிருந்து முடிவுக்கு வருகிறார். முழு நூலிலும் என்னை மிகவும் கவர்ந்த பக்கங்கள் இவை. மனிதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே, மனிதனுக்கு என்ன வாய்த்திருக்கிறது என்பதை அவை காட்டிவிடுகின்றன.

ஏழாவதும் இறுதியுமான அத்தியாயம் மனிதனுக்குரியது. மனிதனும் மையமுள்ள உயிர்தான். பசியும் வலியும் அவனை அந்த மையத்தில் கட்டிவைத்திருக்கின்றன. ஆயினும் அந்த மையத்துக்கு அப்பால் நின்று அதையே பார்க்கவும் அவனால் முடிகிறது. அவன் வாழ்கிறான், உணர்கிறான், தான் உணர்வதையும் உணர்கிறான். மையம் விலகிய இந்த நிலையிலிருந்து மூன்று விதிகளை பிளெஸ்னர் பெறுகிறார். முதல் விதி, மனிதன் இயல்பிலேயே செயற்கையானவன் என்பது: தனக்கென ஓர் இடம் தயாராகக் கிடைக்காததால், கருவியும் வழக்கமும் சட்டமும் கொண்டு அந்த இடத்தை அவனே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது விதிப்படி, உலகோடு அவனுக்கு இருக்கும் நேரடி உறவும் ஏதோவொன்றின் வழியாகவே நிகழ்கிறது. அவன் வெளிப்படுத்துவது எப்போதும் அவன் கருதியதிலிருந்து சற்று விலகியே வெளிப்படுகிறது, அதனால்தான் மனிதனுக்கு வரலாறு உண்டு. மூன்றாவது விதி, எந்த இடத்திலும் முழுமையாகக் காலூன்ற முடியாத நிலை. கடவுளைத் தேடுவதும் கடவுளை மறுப்பதும் இந்த ஒரே நிலையிலிருந்து பிறக்கின்றன என்று அவர் எழுதும்போது, இரு தரப்பாரையும் சமமாக மதிக்கும் ஒரு மனத்தைக் காண்கிறோம்.

சமூகவியலுக்கு இந்த அத்தியாயம் தருவது இதைவிடப் பெரியது. புற உலகு, அக உலகு ஆகியவற்றோடு உடன்வாழும் உலகு என்ற ஒன்றையும் பிளெஸ்னர் பேசுகிறார். நம்மைச் சுற்றிப் பிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதால் அது தோன்றுவதில்லை. தன்னிலிருந்து விலகித் தன்னைப் பார்க்க முடிந்த அந்தக் கணத்திலேயே, அந்த இடத்தில் வேறு எவரும் நிற்கக்கூடும் என்பதும் அறியப்பட்டுவிடுகிறது. ஆகவே தனியொருவனாக வாழ்பவனும் 'நாம்' என்ற தளத்தில்தான் வாழ்கிறான். தனிமனிதர்கள் முதலில் இருந்தார்கள், பிறகு ஒப்பந்தம் செய்து சமூகமானார்கள் என்ற பழைய கதைக்கு இதைவிட ஆழமான மறுப்பை நான் படித்ததில்லை.

மனிதன் எத்தகைய உயிர் என்று கேட்கும், தத்துவ மானிடவியல் என்று அழைக்கப்படும் இந்தச் சிந்தனை மரபிலிருந்து சமூகவியலுக்கு அதிகம் சென்று சேர்ந்தது பிளெஸ்னரின் குரலன்று. அதே மரபைச் சேர்ந்த ஜெர்மன் சிந்தனையாளர் ஆர்னோல்ட் கேலனின் குரல். கேலன் 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து பல்கலைக்கழகங்களில் வேகமாக உயர்ந்தார். அதே ஆண்டில் தந்தையின் யூத வழிமரபைக் காரணம் காட்டி பிளெஸ்னரின் பணி பறிக்கப்பட்டது. இஸ்தான்புல் சென்று வேலை கிடைக்காமல், பின்னர் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் அடைக்கலம் பெற்று, அங்கும் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது 1943-இல் மீண்டும் பதவியிழந்து தலைமறைவாக வாழ்ந்தார். 1950-களின் தொடக்கத்தில்தான் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக அவரால் திரும்ப முடிந்தது. 1955 முதல் 1959 வரை ஜெர்மன் சமூகவியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இந்த வரலாற்றை அறியாமல் இரு சிந்தனைகளையும் ஒப்பிடுவது நியாயமாகாது.

கேலன் 1940-இல் வெளியிட்ட 'மனிதன்' என்ற நூலில், மனிதன் குறையுடைய உயிர் என்பது அடிப்படை. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டரிடமிருந்து அவர் எடுத்த கருத்து அது. மனிதனுக்குக் கூரிய நகமில்லை, உரோமமில்லை, வழிகாட்டும் உறுதியான உள்ளுணர்வும் இல்லை. எனவே எண்ணற்ற தூண்டல்களின் சுமையிலிருந்து அவனை விடுவிக்க நிறுவனங்கள் வேண்டும். பெர்கரும் லுக்மனும் நிறுவனமயமாதலை விளக்கும்போது, பழக்கம் மனிதனின் முடிவெடுக்கும் சுமையைக் குறைக்கிறது என்று சொல்வது கேலனின் வழியில்தான். சிக்கலைக் குறைப்பதே சமூக அமைப்புகளின் பணி என்ற சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனின் கோட்பாட்டிலும் இதன் சாயலைக் காணலாம். கேலனின் விளக்கத்துக்கு ஆற்றல் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதில் ஓர் ஆபத்து அடங்கியிருக்கிறது: மனிதனைக் காப்பாற்றுவது நிறுவனம்தான் என்றால், நிறுவனத்தைக் கேள்விக்கு உட்படுத்துபவன் மனிதனையே ஆபத்தில் தள்ளுகிறான் என்றாகிவிடும். 1965-இல் கேலனும், சமூகத்தை விமர்சன நோக்கில் ஆராய்ந்த மெய்யியலாளர் அடோர்னோவும் வானொலியில் நிகழ்த்திய உரையாடலின் மையம் ஏறத்தாழ இதுவே.

பிளெஸ்னரிடம் இந்த ஆபத்து இல்லை, ஏனெனில் அவருடைய தொடக்கப்புள்ளி குறைபாடன்று. மனிதனுக்கு எதுவோ இல்லாததால் பண்பாடு தோன்றவில்லை. தன்னிலிருந்து தனக்கு ஒரு தொலைவு இருப்பதால் தோன்றுகிறது. அந்தத் தொலைவுதான் நிறுவனத்தை உருவாக்கவும் செய்கிறது, உருவானதைத் தள்ளி நின்று பார்க்கவும் செய்கிறது. இதன் பயனை, சமூகப் பாத்திரம் பற்றிய விவாதத்தில் காணலாம். 1950-களின் இறுதியில் சமூகவியலாளர் ரால்ஃப் டாரன்டார்ஃப், சமூகம் சுமத்தும் பாத்திரங்கள் மனிதனை அவனிடமிருந்தே அந்நியமாக்குகின்றன என்று எழுதினார். 1960-இல் பிளெஸ்னர் அளித்த பதில், பாத்திரங்களைக் களைந்துவிட்டால் உள்ளே தூய மனிதன் ஒருவன் காத்திருப்பான் என்ற நம்பிக்கையே தவறானது என்பது. மனிதன் எப்போதும் இரட்டையன். வகிக்கும் பாத்திரத்தின் மறைவில்தான் தனக்கென ஓர் அந்தரங்கம் அவனுக்குக் கிடைக்கிறது. 1924-இல் சமூகக்குழுவின் எல்லைகள் பற்றி எழுதிய சிறுநூலில், எல்லாரும் ஒருவரோடொருவர் ஒளிவுமறைவின்றி ஒன்றிக் கலக்க வேண்டும் என்ற அரசியல் வேட்கையை அவர் எதிர்த்ததும், நாகரிகமான இடைவெளியைப் போற்றியதும் இதே சிந்தனையின் முன்வடிவம்தான்.

நூலின் குறைகளையும் சொல்ல வேண்டும். நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களில் வாக்கியங்கள் மிகவும் நெருங்கி நிற்கின்றன. முதுமை, இறப்பு, வளர்ச்சி, இனப்பெருக்கம் ஒவ்வொன்றும் எல்லை என்ற ஒரே கருத்திலிருந்து தருவிக்கப்படும்போது, சில இடங்களில் அந்த முயற்சி வலிந்து செய்யப்பட்டதாகவே தோன்றுகிறது. உயிரியல் தரவுகள் 1920-களுக்கு உரியவை. விலங்குகளின் அறிவு பற்றி அதன்பின் வந்த ஆய்வுகளை அறிந்தவர், விலங்குக்கும் மனிதனுக்கும் நடுவே பிளெஸ்னர் வரையும் கோடு இவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டுமா என்று கேட்பார், கேட்பதும் சரியே. அதிகாரம், அரசியல் ஆகியவை பற்றி நூலில் மிகக் குறைவாகவே உள்ளது. அதற்கு அவர் 1931-இல் அதிகாரமும் மனித இயல்பும் குறித்து எழுதிய நூலுக்குத்தான் செல்ல வேண்டும். அதுவும் 2018-இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பு நிதானமானது; கலைச்சொற்கள் ஒரே சீராகக் கையாளப்பட்டிருக்கின்றன. ஜே. எம். பெர்ன்ஸ்டீன் எழுதியுள்ள முன்னுரை மெய்யியல் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சமூகவியலிலிருந்து வருபவர்களுக்கு அது முழுமையான துணையாகாது. அவர்கள் 1965-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்புக்கு பிளெஸ்னரே எழுதிய முன்னுரையிலிருந்து தொடங்கலாம். அடுத்து மூன்றாம் அத்தியாயத்தில் எல்லை பற்றி வரும் பகுதியைப் படித்துவிட்டு நேராக ஏழாம் அத்தியாயத்துக்குச் செல்லலாம். அதன்பின் ஆறாம் அத்தியாயத்துக்குத் திரும்பினால், விலங்குகளைப் பற்றிய பக்கங்கள் எதற்காக எழுதப்பட்டன என்பது தெளிவாகும். நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை நண்பர் ஒருவரோடு சேர்ந்து, வாரத்துக்குச் சில பக்கங்களாகப் படிப்பது நல்லது. இந்த நூல் கைக்கு எட்டாதவர்கள், சிரிப்பையும் அழுகையையும் பற்றி பிளெஸ்னர் 1941-இல் எழுதிய நூலை முதலில் தேடிப் படிக்கலாம். மனிதன் பதில் சொல்ல இயலாமல் திகைக்கும் கணத்தில் அவனுக்குப் பதிலாக அவன் உடல் பதில் சொல்கிறது என்று அதில் அவர் காட்டுவது, மையம் விலகிய நிலை என்ற கடினமான கருத்துக்குள் நுழைய மிகவும் எளிய வழி.